பொருளை ஒதுக்கிய வரைபடம்: மனிதத் தொடர்பாடல் மாதிரிகளின் வரலாறு (1948–1979)

ஆய்வுச் சுருக்கம்

மனிதர் தம்முள் எவ்வாறு தொடர்பாடுகின்றனர் என்பதை விளக்க இருபதாம் நூற்றாண்டில் பல மாதிரிகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது கிளாட் ஷானன் 1948இல் தொலைபேசிப் பொறியியலுக்காக வகுத்த மாதிரியாகும். பொருண்மையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திய அம்மாதிரி, மனிதப் பேச்சின் மாதிரியாக மாறிய வரலாற்றையும், அம்மாற்றத்தால் கேட்பவர் இழந்த இடத்தையும், பிற்கால அறிஞர்கள் அவ்விடத்தை மீட்க முயன்ற வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: தொடர்பாடல் மாதிரி, ஷானன், தகவல், இரைச்சல், பின்னூட்டம், கேட்பவர்.

முன்னுரை

தொடர்பியல் பாடநூல்களின் தொடக்க இயல்களில் பெரும்பாலும் ஒரே வரைபடம் இடம்பெறுகிறது. இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் அம்புக்குறி, அதன்மேல் ‘இரைச்சல்’ என்னும் குறிப்பு. ஆசிரியர் பேசுவதும் மாணவர் கேட்பதும், தலைவர் உரையாற்றுவதும் மக்கள் செவிமடுப்பதும் இதனைக் கொண்டே விளக்கப்படுகின்றன. இவ்வரைபடம் எந்தச் சிக்கலைத் தீர்க்க வரையப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அவ்வினாவுக்கு விடை காண்பது வரலாற்று ஆர்வத்தால் மட்டும் வேண்டப்படுவதன்று. ஒரு மாதிரி எதனை விட்டுவிடுகிறதோ, அம்மாதிரியைப் பின்பற்றும் கல்வியும் ஆட்சியும் அதனையே விட்டுவிடும் வாய்ப்பு மிகுதி.

1. தொலைபேசிப் பொறியியலில் பிறந்த மாதிரி

தந்தி, தொலைபேசிக் கம்பிகளின்வழி எவ்வளவு செய்தியை எவ்வளவு விரைவாக அனுப்பலாம் என்பது அமெரிக்கப் பெல் நிறுவனத்தின் பொறியாளர்களை நெடுங்காலம் ஈர்த்த சிக்கலாகும். ஹாரி நைக்விஸ்ட் 1924இலும் ரால்ஃப் ஹார்ட்லி 1928இலும் இதுபற்றி எழுதினர். தகவலை அளவிட வேண்டுமாயின் உளவியல் கூறுகளை விலக்கிவிட வேண்டும் என்பதை ஹார்ட்லியே வலியுறுத்தியிருந்தார். இவ்வழியில் வந்த ஷானன், ‘தொடர்பாடலின் ஒரு கணிதக் கோட்பாடு’ என்னும் கட்டுரையைப் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆய்விதழில் 1948 ஜூலை, அக்டோபர் மாதங்களில் இரு பகுதிகளாக வெளியிட்டார்.

அக்கட்டுரை தொடர்பாடல் அமைப்பை ஐந்து உறுப்புகளாகப் பகுத்தது: தகவல் மூலம், அனுப்பும் கருவி, வழித்தடம், பெறும் கருவி, சேருமிடம். வழித்தடத்தில் வெளியிலிருந்து வந்து கலப்பது இரைச்சல். ஓரிடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியை மற்றோரிடத்தில் பிழையின்றியோ ஏறத்தாழவோ மீளப்பெறுவதே அடிப்படைச் சிக்கல் என ஷானன் வரையறுத்தார். செய்திகளுக்குப் பொருள் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயின், அப்பொருள் பொறியியல் சிக்கலுக்குத் தொடர்பற்றது எனக் கட்டுரையின் தொடக்கத்திலேயே தெளிவுறுத்தினார்.

இங்குத் ‘தகவல்’ என்பது தேர்வின் அளவு மட்டுமே. சம வாய்ப்புள்ள இரண்டனுள் ஒன்றைத் தெரிவிக்கும் செய்தி ஒரு ‘பிட்’ தகவலைக் கொண்டது. நாணயம் பூவா தலையா என்று தெரிவிக்கும் செய்தியும், தேர்ச்சியா தோல்வியா என்பது சம வாய்ப்பாக நிற்கும் மாணவருக்கு வரும் முடிவும் இக்கணக்கில் ஒரே அளவின. முதலாவதைக் கேட்டவர் மறந்துவிடலாம். இரண்டாவதைக் கேட்டவரின் வாழ்க்கை திசைமாறலாம். கம்பிக்கு இவ்வேறுபாடு தேவையில்லை. வேறுபாட்டை ஒதுக்கியதால்தான் ஷானனின் கோட்பாடு துல்லியமும் பெருவெற்றியும் பெற்றது.

2. மாதிரியின் இடப்பெயர்ச்சி

1949இல் இலினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் இக்கட்டுரையை நூலாக்கியது. தலைப்பில் இருந்த ‘ஒரு’ நீங்கியது; ‘ஒரு கணிதக் கோட்பாடு’ என்றிருந்தது ஒரேயொரு கோட்பாட்டைச் சுட்டும் ஆங்கிலச் சுட்டுடைவைப் பெற்றது. நூலில் ஷானனின் கட்டுரையுடன் வாரன் வீவரின் விளக்கவுரையும் சேர்ந்தது. வீவர் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் இயற்கை அறிவியல் பிரிவின் இயக்குநராக விளங்கியவர். தொடர்பாடல் சிக்கல்களை அவர் மூன்று நிலைகளாக வகுத்தார். குறியீடுகள் எவ்வளவு துல்லியமாகச் செல்கின்றன என்பது தொழில்நுட்ப நிலை. அவை கருதிய பொருளை எவ்வளவு துல்லியமாக உணர்த்துகின்றன என்பது பொருண்மை நிலை. பெற்றவரின் நடத்தையை விரும்பியவாறு எவ்வளவு மாற்றுகின்றன என்பது விளைவு நிலை. முதல் நிலைக்கான கோட்பாடு ஏனைய இரண்டிலும் பயன்தரும் என்பது அவர் துணிபு. வரைபடத்தில் ‘பொருண்மைப் பெறுநர்’, ‘பொருண்மை இரைச்சல்’ என்னும் பெட்டிகளைச் சேர்க்கலாம் எனவும் அவர் கருதினார். ஷானன் வெளியே நிறுத்திய பொருள், இவ்வாறு மற்றொரு பெட்டியாக உள்ளே வந்தது.

இம்மாற்றத்தை ஏற்கும் சூழல் அமெரிக்காவில் முன்பே உருவாகியிருந்தது. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில், 1939–40இல், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆதரவில் நடந்த தொடர்பாடல் கருத்தரங்கு பரப்புரையின் விளைவுகளை ஆராய்ந்தது. அதில் பங்கேற்ற ஹரால்ட் லாஸ்வெல் 1948இல் வெளியிட்ட கட்டுரை, யார், எதனை, எவ்வழியாக, யாருக்கு, என்ன விளைவுடன் சொல்கிறார் என்னும் ஐந்து வினாக்களில் ஆய்வுக்களத்தை அடக்கியது. இதிலும் செயல் முழுவதும் சொல்பவருடையது. கேட்பவரிடம் எஞ்சுவது விளைவு மட்டும். பொறியியல் வரைபடமும் பரப்புரை ஆய்வும் ஒரே திசையில் அம்பு எய்தமையால் அவை எளிதாக இணைந்தன.

தம் கோட்பாடு எல்லாத் துறைகளிலும் பொருத்தப்படுவதைக் கண்ட ஷானன் 1956இல் ஒரு சிறு கட்டுரையில் எச்சரிக்கை விடுத்தார். தகவல் கோட்பாடு தன் உண்மையான சாதனைகளை மீறிய மதிப்பைப் பெற்றுவிட்டது என்பது அதன் சாரம். மாதிரியின் எல்லையை முதலில் வரைந்தவரே மீண்டும் அதனை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

3. பின்னூட்டமும் சூழலும்

இக்குறையை உணர்ந்தோர் அதே காலத்தில் திருத்தங்களை முன்மொழிந்தனர். நார்பர்ட் வீனரின் ‘சைபர்நெட்டிக்ஸ்’ (1948) பின்னூட்டம் என்னும் கருத்தை வழங்கியது. ஷானன் நூல் வெளிவந்தபோது இலினாய் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் பொறுப்பில் இருந்த வில்பர் ஷ்ராம், 1954இல் பேசுவோர், கேட்போர் இருவரின் அனுபவக் களங்களையும் இரு வட்டங்களாக வரைந்தார். அவ்வட்டங்கள் ஒன்றையொன்று தழுவும் பகுதியில்தான் புரிதல் நிகழும் என்றார். உளவியலாளர் சார்லஸ் ஆஸ்குட்டைத் தழுவி அவர் வரைந்த வட்ட மாதிரியில் இருவரும் மாறிமாறிப் பேசுவோராகவும் பொருள்கொள்வோராகவும் விளங்குகின்றனர். டேவிட் பெர்லோ (1960) இரு முனைகளிலும் இருப்போரின் திறன், மனப்பாங்கு, அறிவு, சமூக அமைப்பு, பண்பாடு ஆகியவற்றைச் சேர்த்தார்.

மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1958இல் இந்தியானா பல்கலைக்கழக மாநாட்டில் நிகழ்த்தி 1960இல் அச்சான உரை வேறொரு வழியைக் காட்டியது. கார்ல் பியூலர் 1934இல் கூறிய மூன்று மொழிப்பணிகளை அவர் ஆறாக விரித்தார். பேசுவோர், கேட்போர், செய்தி, சூழல், தொடர்பு, குறிமுறை என்னும் ஆறு காரணிகளுள் எது முதன்மை பெறுகிறதோ அதற்கேற்பப் பேச்சின் பணி மாறும் என்றார். தமிழர் வழக்கிலிருந்து ஒரு சான்று கூறலாம். வழியில் எதிர்ப்படுவோர் ‘சாப்பிட்டீர்களா?’ என வினவுகின்றனர். வினாவும் விடையும் முன்பே தெரிந்தவை. ஷானன் கணக்கில் அவற்றின் தகவல் மிகச் சிறிது. ஆயினும் அவ்வினா எழாத நாளில் உறவில் விரிசல் ஏற்பட்டதோ என்னும் ஐயம் எழும். தொடர்பைப் பேணுவதே அங்குப் பேச்சின் பணி என்பதை யாக்கப்சன் மாதிரியால் விளக்க இயலும்.

4. கிராமங்களில் சோதிக்கப்பட்ட மாதிரி

மாதிரிகளின் வேறுபாடு வகுப்பறையோடு நிற்கவில்லை. 1950களுக்குப் பின் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் வளர்ச்சித் திட்டங்களில் அது நேரடியாக வெளிப்பட்டது. 1956இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் அகில இந்திய வானொலி, அன்றைய பம்பாய் மாநிலத்தின் மராத்தி வழங்கும் ஐந்து மாவட்டங்களில், பூனாவை மையமாகக் கொண்டு பண்ணை வானொலி மன்றங்களை நடத்தியது. சுமார் 150 கிராமங்களில் உழவர்கள் குழுவாக அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்டனர், பின் விவாதித்தனர், ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் சார்பில் பால் நியூராத் இதனை மதிப்பிட்டார். வானொலி மட்டும் இருந்த கிராமங்களைவிட, மன்றமும் இருந்த கிராமங்களில் அறிவு வளர்ச்சி பெரிதும் மிகுந்திருந்ததை அவர் கண்டார். வானொலிப் பெட்டி இரு வகைக் கிராமங்களுக்கும் பொதுவானது. கேட்டதைத் தமக்குள் பேசிப் பொருள்கொள்ள ஏற்பட்ட வாய்ப்பே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகும்.

1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நடந்த செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையுடன் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பியது. தொழில்நுட்ப நிலையில் இது அரிய சாதனை. ஆயினும் அதன் அம்பு பெரும்பாலும் ஒருவழிப்பட்டது. அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் சிற்றூரில் அமைந்த ஒலிபரப்பியைக் கொண்டு நடந்த திட்டத்தில், ஊர்மக்களே நிகழ்ச்சி ஆக்கத்தில் பங்கேற்றனர். சாதிப் பாகுபாடு, கூலி போன்ற உள்ளூர்ச் சிக்கல்கள் பொருளாயின. புதுமைப் பரவல் ஆய்வுக்குப் பெயர்பெற்ற எவரெட் ரோஜர்ஸ், மேலிருந்து கீழாகச் செய்தியைச் செலுத்தும் வளர்ச்சித் தொடர்பாடல் பார்வையின் காலம் கடந்துவிட்டது என 1976இல் எழுதினார்.

5. எழுபதுகளின் மறுசிந்தனை

இதே பத்தாண்டில் மாதிரியின் அடித்தளமே வினவப்பட்டது. ஸ்டூவர்ட் ஹால் 1973இல் பர்மிங்காமில் வெளியிட்ட கட்டுரையில், தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் காண்போர் ஆக்கியோர் கருதிய பொருளை ஏற்கலாம், அதனோடு பேரம் பேசலாம், எதிர்த்தும் படிக்கலாம் என்றார். மாற்றுப்பொருள் கொள்வதை இரைச்சலாகக் கருதும் பழைய நோக்கு இங்குத் தளர்கிறது; அது சமூக நிலைப்பாட்டின் வெளிப்பாடாகிறது. ஜேம்ஸ் கேரி 1975இல், செலுத்துதல் என்னும் பார்வைக்கு மாற்றாகத் தொடர்பாடலைச் சடங்காகக் காணும் பார்வையை முன்வைத்தார். நாளிதழ் படிப்பது செய்தி பெறுவது மட்டுமன்று. ஒரு பொது உலகில் பங்கேற்று அதனை உறுதிப்படுத்துவதுமாகும் என்பது அவர் கருத்து.

மைக்கேல் ரெட்டி 1979இல் மொழிக்குள்ளேயே இம்மாதிரி உறைந்திருப்பதைக் காட்டினார். கருத்து ஒரு பொருள், சொல் ஒரு கலன், பேச்சு ஒரு குழாய் என்னும் உருவகத்தை ஆங்கிலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட தொடர்களில் அவர் கண்டார். இலையுதிர் காட்டில் வாழ்பவர் இலைவாரியின் வரைபடத்தை அனுப்புகிறார். பாறை நிலத்தில் வாழ்பவர் அதனைக் கொண்டு கல்பெயர்க்கும் கருவி செய்கிறார். எவரும் தவறிழைக்கவில்லை, இருவரின் உலகமும் வேறு. புரியாமை இயல்பான தொடக்கநிலை, புரிதலே இருவரும் உழைத்துப் பெறுவது என்பது ரெட்டியின் முடிவு. தமிழிலும் கருத்தை ‘எடுத்துரைக்கிறோம்’, ‘கொண்டு சேர்க்கிறோம்’. புரியாதபோது ‘மண்டையில் ஏறவில்லை’ என்கிறோம். பழி கேட்பவரின் மண்டைக்கே போகிறது.

முடிவுரை

ஷானனின் மாதிரி தவறானதன்று. அது தான் தீர்க்க முனைந்த சிக்கலை முழுமையாகத் தீர்த்தது. இன்றைய கைப்பேசியும் இணையமும் அதற்குச் சான்று. பிழை நேர்ந்தது, அதன் எல்லைக்குறிப்பு நீங்கி வரைபடம் மட்டும் பயணித்த இடத்தில். அதன்பின் வந்த மாதிரிகளின் வரலாற்றைக் கேட்பவரின் மீள்வருகை எனச் சுருக்கிக் கூறலாம்.

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கும் இதில் கருத வேண்டியது உண்டு. தமிழ்நாட்டில் பெருவழக்கான ‘தகவல் தொடர்பு’ தகவலை முன்னிறுத்துகிறது. ‘கருத்துப் பரிமாற்றம்’ ரெட்டி கூறிய பண்டமாற்றை நினைவூட்டினும் இருவழிச் செயலைச் சுட்டுகிறது. இலங்கைக் கல்வித்துறையில் வழங்கும் ‘தொடர்பாடல்’, உரையாடல், கலந்துரையாடல் என்பன போல இருவர் கூடிச் செய்யும் செயலை உணர்த்துகிறது. ஒவ்வொரு சொல்லும் ஒரு மாதிரியைத் தன்னுள் கொண்டது. பாடநூல் எழுதுவோர் சொல்லைத் தேர்கையில் மாதிரியையும் தேர்கின்றனர். மாணவருக்குப் பாடம் புரியாதபோது இரைச்சலைத் தேடுவதா, இரு அனுபவக் களங்களும் தழுவும் பகுதியை விரிப்பதா என்பது அத்தேர்வைப் பொறுத்தே அமையும்.