தாமதம் யாருடையது?

மூன்று வயதாகியும் பிள்ளை கதைக்கவில்லை. "இப்பவே விசேட முன்பள்ளிக்கு விடுவம்" என்கிறார் அம்மா. "வளர வளரச் சரிவரும், ஏன் வீணா முத்திரை குத்துவான்?" என்கிறார் அப்பா. இருவரும் பிரிந்து வாழ்பவர்கள் என்றால், யாருடைய சொல் நிற்கும்?

இந்தச் சண்டை எந்த ஊரிலும் வரலாம். இங்கிலாந்து இதற்குப் பதில் தேடிய கதையை இங்கே பார்ப்போம்.

அங்கே நெடுங்காலம் அப்பாவின் சொல்தான் சட்டம். 1836இல் கரோலைன் நோர்ட்டனின் மூன்று மகன்மாரையும் கணவர் கொண்டுபோனபோது சட்டம் கணவரின் பக்கமே நின்றது. கரோலைன் விடவில்லை, எழுதி எழுதியே போராடினார். 1839இல் வந்த சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் தரும்படி தாய் நீதிமன்றத்தைக் கேட்க வழிவிட்டது. 1925இல் பிள்ளையின் நலனே முதன்மை என்றானது. தாய்க்கும் தந்தைக்கும் சமமான அதிகாரத்தைத் தந்தது 1973ஆம் ஆண்டுச் சட்டம்.

பிள்ளையின் படிப்புக்கு வேறொரு கதை இருக்கிறது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் சில பிள்ளைகளைப் படிப்பிக்க முடியாதவர்கள் என்று ஒதுக்கலாம். அப்படி ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பயிற்சி நிலையம், வைத்தியசாலை, இல்லாவிட்டால் வீடு. 1970இல் இயற்றிய சட்டம் மறு வருடம் நடைமுறைக்கு வந்த பிறகே அந்த ஒதுக்கல் முடிந்தது. ஆக, முத்திரைக்குப் பயப்படுகிற அப்பாவின் பயம் சும்மா வந்ததில்லை.

ஆனால் அம்மாவின் அவசரத்துக்கும் நியாயம் உண்டு. 1978இல் வெளிவந்த வார்னொக் குழுவின் அறிக்கை, இப்படியான பிள்ளைகளின் கல்வி வயதெல்லை பாராமல் இயன்றளவு வேளைக்கே தொடங்கவேண்டும் என்றது. பெற்றோரைப் பங்காளிகள் என்றும் சொன்னது.

சரி, பங்காளிகள் இருவரும் முரண்பட்டால்? 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் அதற்கு ஒரு வழி வைத்தது. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கை மறுபடி கிளறத் தேவையில்லை. 'இந்த முன்பள்ளியா, இல்லையா' என்ற ஒரு கேள்வியை மட்டும் நீதிமன்றத்திடம் கொண்டுபோகலாம். அங்கே பார்க்கப்படுவது பிள்ளையின் நலன். அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதமே பிள்ளையின் நலனைப் பாதிக்கக்கூடும்.

தாமதம் என்ற சொல்லைப் பிள்ளைக்குத்தான் நாங்கள் வழக்கமாகச் சொல்கிறோம். சட்டம் அதைப் பெரியவர்களைப் பார்த்துச் சொல்கிறது. அம்மாவும் அப்பாவும் ஒத்துப்போக இரண்டு வருடம் எடுத்தால், மூன்று வயதில் தொடங்கியிருக்கவேண்டிய படிப்பு ஐந்து வயதில்தான் தொடங்கும். பிரிந்தவர்கள் மறுபடி சேரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஒரு கேள்விக்காவது கெதியாக முடிவெடுங்கள் என்பதுதான் பிள்ளையின் பக்கத்து நியாயம்.