பத்து ஆராங்

பத்து ஆராங் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலாலம்பூருக்கு வடமேற்கே உள்ள சிற்றூர். 1915 முதல் 1960 வரை மலாயாவின் முதன்மையான நிலக்கரிச் சுரங்கம் இங்குதான் இயங்கியது.

இப்பகுதியில் 1908-இல் நிலக்கரி கண்டறியப்பட்டது. தொழிலதிபர் ஜே. ஏ. ரஸ்ஸல் முன்னின்று உருவாக்கிய மலாயன் காலியரீஸ் நிறுவனம் 1913-இல் தொடங்கப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் கரி வெட்டத் தொடங்கியது. குவாங் நிலையத்திலிருந்து கிளை ரயில்பாதை போடப்பட்டது. காடாகக் கிடந்த இடத்தில் குடியிருப்பு, மருத்துவமனை, செங்கல் சூளை என ஊரையே கம்பெனி எழுப்பியது. தொழிலாளர்களில் சீனர்களே பெரும்பான்மை. தமிழர்களும் மலாய்க்காரர்களும் உடன் உழைத்தனர்.

இங்குக் கிடைத்தது தரம் குறைந்த இளங்கரி. வெளியே குவித்து வைத்தால் பொடிந்துபோகும். உள்ளே வெப்பம் ஏறித் தானே தீப்பிடிக்கும். நெடுநாள் இருப்பு வைக்க முடியாததால், வெட்டிய கரி உடனுக்குடன் ரயில் எஞ்சின்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் கோலாலம்பூரின் பங்சார் மின்நிலையத்துக்கும் போயாக வேண்டியிருந்தது. அதனால் இங்கே வேலை நின்றால் நாட்டின் ரயிலுக்கும் மின்சாரத்துக்கும் ஆபத்து என்ற நிலை இருந்தது. தொழிலாளர் கையில் இருந்த பெரும் பலமும் இதுவே.

அந்தப் பலம் 1936 நவம்பரில் வெளிப்பட்டது. கூலி உயர்வு கேட்டும், கூலியில் பங்கு பிடித்துக்கொண்ட ஒப்பந்தக்காரர் முறையை எதிர்த்தும் வேலைநிறுத்தம் நடந்தது. 1937 மார்ச்சில் தொழிலாளர்கள் சுரங்கத்தையே கைப்பற்றித் தங்கள் குழுவின் நிர்வாகத்தில் சில நாள் நடத்தினர். அரசு பெரும் போலீஸ் படையை அனுப்பி அதை முறியடித்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்ச்சிகள் மிகச் சில.

போரின்போது மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் ஆட்சியிலும் சுரங்கம் இயங்கியது. 1948 ஜூலையில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கிய சில வாரங்களிலேயே, கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் ஊரைத் தாக்கினர். சுரங்கத்தை முடித்துவைத்தது எண்ணெய். ரயில்வே நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறியதால் முதன்மை வாடிக்கையாளரை இழந்த சுரங்கம் 1960-இல் மூடப்பட்டது. பிழைப்புத் தேடிப் பலரும் வெளியேறினர்.

சூளையின் புகைபோக்கியும் இடிந்த கட்டடங்களும் இன்றும் நிற்கின்றன. திறந்தவெளிச் சுரங்கக் குழிகள் நீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. ஊருக்கு அடியில் பழைய சுரங்கவழிகள் ஓடுவதால் நிலம் உள்வாங்கும் அச்சம் நீங்கவில்லை. புதிய கட்டடங்கள் எழும்புவதற்கும் அதுவே தடையாக உள்ளது.