மூங்கில் உண்டியல்

துறவு பூண்டோர் உலகை விட்டு ஒதுங்கி வாழ்வோர் என்பதே நம்மில் பலரின் எண்ணம். தைவான் தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியென் நகரத்துப் பௌத்தப் பிக்குணிகளின் வரலாறோ நமக்கு வேறு பாடம் புகட்டுகின்றது.

உயர்ந்த மலைகளால் தீவின் மேற்குப் பகுதியினின்றும் பிரிக்கப்பட்ட வறிய பகுதி அது. ஆமிஸ், ட்ருகு முதலிய பழங்குடி மக்கள் அங்கு மிகுதி. 1937இல் பிறந்து 1963இல் துறவேற்ற செங் யென் அம்மையார் அங்கே பெண் சீடர் சிலருடன் எளிய வாழ்வு நடத்தினார். 1966இல் மருத்துவமனை ஒன்றின் தரையில் குருதிக் கறையைக் கண்டு வினவினார். பேறுகால இடரால் துடித்த பழங்குடிப் பெண்ணொருத்தியை உறவினர் நெடுந்தொலைவு சுமந்து வந்தனர் என்றும், முன்பணம் இல்லாமையால் சுமந்தவாறே திரும்பினர் என்றும் அங்கிருந்தோர் கூறக் கேட்டு நெஞ்சம் பதைத்தார்.

பிக்குணிகள் கணக்கிட்டனர். குழந்தைக் காலணி நாளும் ஒரு சோடி கூடுதலாகத் தைத்தால் ஒருவருக்கு 4 தைவான் டாலர், அறுவருக்கு 24, ஆண்டொன்றுக்கு 8,640. ஓர் உயிரைக் காக்க அது போதும்! பின்னர் 30 இல்லத்தரசிகளுக்கு மூங்கில் குழாயாலான உண்டியல்கள் தரப்பட்டன. கடைத்தெருவுக்குப் போகுமுன் நாள்தோறும் அரை டாலர் அதில் இடவேண்டும். மாதம் 15 டாலராக ஒருங்கே தரலாகாதோ எனச் சிலர் கேட்டனர். ஈயும் எண்ணம் அன்றாடம் உள்ளத்தில் எழவேண்டும் என்பதே அம்மையாரின் விடை. இவ்வாறு தோன்றிய அமைப்பே 'சூ ச்சி'.

இதில் நாம் வியப்பது ஒன்றுண்டு. ஏழைகளுக்கென வந்த பொருளில் பிக்குணிகள் தமக்கென ஒரு காசும் கொள்ளவில்லை; தம் கையால் உழைத்தே உண்டனர். மருத்துவமனை கட்ட முனைந்தபோது, 1981இல் ஜப்பானியச் செல்வர் ஒருவர் 20 கோடி அமெரிக்க டாலர் தர முன்வந்தார். அம்மையார் ஏற்கவில்லை. பல்லாயிரவரின் சிறு காசுகளால் அது எழவேண்டும் என விழைந்தார். அவ்வாறே 1986இல் எழுந்தது. அதன் வாயிலில் முன்பணம் கேட்பாரில்லை. 1989இல் செவிலியர் கல்லூரி ஒன்றும் தோன்றி, பழங்குடிப் பெண்களுக்குக் கல்வியும் தொழிலும் பெற வழி திறந்தது. இந்தோனேசியாவின் போகோர் அருகே பரூங்கிலுள்ள இஸ்லாமியக் கல்விக்கூடத்து ஏழை மாணவர்க்கும் இவ்வமைப்பு அரிசி வழங்கியுள்ளது.

நோயாளிக்கு மருந்தளித்தல் தருமம். அவரைத் திருப்பியனுப்பும் வழக்கத்தையே ஒழித்தல் நீதி. தருமத்தில் தொடங்கி நீதி வரை நடந்தனர் அப்பிக்குணிகள். நமது தருமம் எந்த வாயிலோடு நின்றுவிடுகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.