கொல்லிமலை காணாமற்போகும் விதம்

சங்கப் பாடல்களில் கொல்லிமலைக்குத் தனியிடம் உண்டு. வல்வில் ஓரி ஆண்ட மலை. அவனைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரி சேரனுக்கு அளித்த மலை. கொல்லிப்பாவையால் புகழ்பெற்ற மலை. இப்பெயரைக் கணினியில் தேடி, ஓரிடத்தும் அகப்படாவிடில் அதனைப் புலவர்களின் மௌனமென்று நாம் கொள்ளலாகாது. மௌனம் கருவியினுடையதாகவும் இருக்கக்கூடும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனும் தேடல் வாய்பாட்டைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் கென் தாம்ப்சன். 1968இல் அது பற்றிய கட்டுரையை வெளியிட்டார். பின்னர் யூனிக்ஸில் அவர் ஆக்கிய 'கிரெப்' இன்றும் நம் ஷெல் நிரல்களில் வாழ்கிறது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பது அக்காலத்து வழக்கம். நம் கண்ணுக்கு மூன்றெழுத்தான 'கொல்லி', யூனிகோடில் ஆறு குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் பதினெட்டு பைட்டுகள். 'ஏதேனும் ஓர் எழுத்து' எனப் பொருள்படும் புள்ளி, தமிழறிந்த மொழியமைப்பில் ஒரு குறியீட்டையும், 'சி' எனும் மொழியமைப்பில் ஒரு பைட்டையும் மட்டுமே விழுங்கும். முனையத்தில் சரியாக ஓடிய நிரல், நள்ளிரவில் தானியங்கியாக ஓடுகையில் பிழைப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நூல்களின் வரலாறும் இதில் சேர்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் திஸ்கியிலும் பின்னர் யூனிகோடிலும் வெளிவந்தன. திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்டபடியே பதிவாகும். யூனிகோடிலோ ககரம் முந்தும். ஒகரக்குறி ஒரே குறியீடாகவோ கொம்பும் காலுமாகப் பிரிந்தோ வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கிரெப்புக்கு வேறுவேறு.

வாய்பாட்டிலும் வட்டார வழக்குண்டு. 1992இன் பாசிக்ஸ் தரம் அடிப்படை, விரிவு என இருவகை வகுத்தது. விரிவு வகையில் 'ஒன்றோ பலவோ' எனப் பொருள்படும் கூட்டல் குறி, அடிப்படை வகையில் வெறும் கூட்டல் குறியே. அதன்முன் பின்சாய்கோடிட்டுப் பொருளேற்றுவது குனு கருவிகளின் வழக்கம். பிற கணினிகளில் அதற்கு உறுதியில்லை. இவற்றில் எது நேர்ந்தாலும் பிழைச்செய்தி வராமலே போகலாம். விடை மட்டும் வெறுமையாக வரும்.

ஆகவே நூல்களை முதலில் ஒரே வடிவுக்குக் கொணர்வதும், மொழியமைப்பை நிரலிலேயே குறிப்பதும், பாசிக்ஸ் குறிகளோடு நிற்பதும் நலம். கொல்லி வருவதாக நாம் உறுதியாய் அறிந்த ஓர் அடியை முதலில் தேடிப்பார்ப்போம். அதுவும் அகப்படவில்லையெனில், குறை பாட்டில் இல்லை.