கண்ணிகளால் ஆன சட்டை

ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை அறுகம்பேயின் மெயின் பொயின்டில் அலைச்சறுக்குப் பலகையோடு கடலில் இறங்குகிறவர்கள் உடம்போடு ஒட்டிய ஒரு சட்டை போட்டிருப்பார்கள். ரேஷ் வெஸ்ட் என்பார்கள். மெழுகு பூசிய பலகையில் நெஞ்சு உராய்ந்து புண்ணாகாமலும், வெயில் தோலைச் சுடாமலும் காப்பது அது. 2018இல் இங்கே பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியது. உடலை மூடிக்கொண்டு அலையேற விரும்பும் பெண்ணுக்கு முழுக்கை வைத்த இந்தச் சட்டை பெரிய வசதி.

அதன் கதை ஓர் இழையில் ஆரம்பிக்கிறது. 1958இல் அமெரிக்க டூபொன்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய எலாஸ்டேன் அது. லைக்ரா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஐந்து மடங்கு இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும். நீச்சலுடைத் துணியில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நைலோன் அல்லது பொலியெஸ்டர். நாம் லேபிளில் அந்தச் சதவீதத்தைப் பார்த்து வாங்குகிறோம். இழைகளை எப்படிக் கட்டினார்கள் என்று எந்த லேபிளும் சொல்வதில்லை. சட்டையின் ஆயுளோ பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கல்முனையை அடுத்த மருதமுனையின் கைத்தறிச் சாரனை எடுத்துப் பாருங்கள். பாவு நூலும் ஊடு நூலும் ஒன்றையொன்று குறுக்கே பூட்டிக்கொண்ட அழுத்தமான துணி. கழுவக் கழுவ நிற்கும், ஆனால் இழுத்தால் நீளாது. அலையில் கைவீசிப் பலகையைத் தள்ளுகிறவனுக்கு, கண்ணி கண்ணியாகக் கோத்த பின்னல் துணிதான் வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. சாதாரண ரீ-சேர்ட் துணியில் ஒரே நூல் குறுக்கே ஓடிக் கண்ணி போடுகிறது. ஒன்று அறுந்தால் ஏணிபோலக் கழன்று இறங்கிவிடும். நெடுக்குப் பின்னலில் ஒவ்வொரு ஊசிக்கும் தனி நூல். அது பக்கத்து வரிசைக் கண்ணிகளோடு மாறி மாறிப் பூட்டிக்கொண்டு போகும். பாறையில் கீறல் பட்டாலும் ஓட்டை இலேசில் ஓடாது. நல்ல நீச்சலுடைகளுக்கு இதை விரும்புவது அதனால்தான்.

அடுத்தது தையல். ஹங்வெல்லைப் பக்கம் கபுகொடையில் எம்.ஏ.எஸ். குழுமத்தின் லினியா அக்குவா போன்ற தொழிற்சாலைகள் உலகச் சந்தைக்கு நீச்சலுடை தைக்கின்றன. ஓவர்லொக் தையல் உள்ளே மேடாக நின்று கக்கத்தை அராவும். விளிம்புகளைத் தட்டையாகப் பொருத்தும் பிளட்லொக் தையலில் அந்தத் தொல்லை இல்லை. துணியோடு நீளாத தையலாக இருந்தால் முதல் அலையிலேயே நூல் தெறிக்கும்.

பிறகு கடலும் வெயிலும் வேலையைத் தொடங்குகின்றன. வெயில், சன்கிரீம் எண்ணெய், ஹோட்டல் குளத்துக் குளோரின் மூன்றும் எலாஸ்டேனைத் தின்னும். சட்டை தொளதொளத்துப் போகும். நெஞ்சுப் பக்கம் மணலும் மெழுகும் உரசி நூல் உருண்டு திரளும். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று பயிற்சி கொடுக்கிற பொடியன்களின் சட்டைதான் முதலில் போகும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் கொஞ்சக் காலம் கூட வரும்.

கடையில் நிறத்தைப் பார்க்குமுன் துணியைக் குறுக்கேயும் நெடுக்கேயும் இழுத்து விடுங்கள். உடனே பழைய அளவுக்கு வர வேண்டும். இழுத்தபடியே வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். கண்ணிகள் அகன்று வெளிச்சம் தாராளமாக வந்தால், வெயிலும் அதே வழியால் தோலுக்கு வரும்.