டி.வி.எஸ். 50யும் வாசல்படி மெக்கானிக்கும்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், வாலாஜாபாத்தைத் தாண்டினால் வரும் ஊர் பழையசீவரம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் ஊர் என்றால் சட்டென்று தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருமுக்கூடல், அதற்கப்பால் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்கள். ஏரிக்கரை, களத்துமேடு, வண்டித்தடம், கோடையில் ஆற்று மணல். இந்தப் பக்கம் தார்ச்சாலையை விட்டு இறங்காமல் யாரும் வயலுக்குப் போக முடியாது.

இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், 'டர்ட் பைக்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. மண்ணிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள். 1968ல் யமஹா நிறுவனம் டி.டி.1 என்ற 250 சி.சி. வண்டியை அமெரிக்காவில் இறக்கியது. விலையும் கட்டுப்படி, எடையும் குறைவு. வாரக் கடைசியில் பிள்ளை குட்டிகளோடு பாலைவனத்துக்கும் காட்டுக்கும் போய் மண்ணில் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கராஜில் வண்டியைப் பிரித்துத் துடைத்து மாட்டுவது அங்கே ஒரு குடும்பப் பொழுதுபோக்காகவே ஆனது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதே இரண்டு காரியங்களும் நடந்திருக்கின்றன. குடும்பத்தோடு மண்ணில் ஓட்டுவது, வீட்டிலேயே ரிப்பேர் பார்ப்பது. ஆனால் இரண்டுமே பொழுதுபோக்கு இல்லை!

கதை புல்லட்டில் ஆரம்பிக்கிறது. இந்திய ராணுவத்துக்காக 1950களின் தொடக்கத்தில் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் இங்கிலாந்திலிருந்து 350 சி.சி. புல்லட் வண்டிகள் வந்தன. எல்லைப் பக்கத்துக் கரடுமுரடான பாதையைத் தாங்க வேண்டும், வழியில் நின்றால் ஜவானே சரி செய்ய வேண்டும். இரண்டுக்கும் அது ஒத்து வந்தது. 1955ல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. அடுத்த ஆண்டே திருவொற்றியூர் ஆலையில் வேலை தொடங்கியது. முதலில் அங்கிருந்து பாகங்கள் பெட்டியில் வரும், இங்கே பூட்டுவார்கள். போகப் போக எல்லாமே இங்கே செய்தாயிற்று. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970ல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. 1977ல் அதே வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள் என்பது வேடிக்கையான விஷயம்.

மைசூரில் ஐடியல் ஜாவா 1960களின் தொடக்கத்தில் ஜாவா வண்டிகளைச் செய்ய ஆரம்பித்தது (பின்னாளில் அதுவே எஸ்டி). கிக்கரும் கியரும் ஒரே கம்பி! கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, அதையே மடக்கினால் கியர் லீவர். எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து நாட்டு வடிவமைப்பில் ராஜ்தூத் 175 செய்தது. பால் கேன்களைக் கட்டிக்கொண்டு போவோரின் வண்டி என்று பெயரெடுத்தது அது.

இத்தனை பேர் செய்தும் வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு அரசு லைசென்ஸ் வேண்டும், வெளிநாட்டுப் பாகத்துக்கு அந்நியச் செலாவணி வேண்டும். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் முன்னாலேயே மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் புக் செய்து வைத்ததாகச் சொல்வார்கள். அப்படிக் கிடைத்த வண்டியை யார் தூக்கிப் போடுவார்கள்?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தேய்மானக் கணக்கு தெரியும். குறைந்து செல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 15 சதவீதம் கழித்தால், ஒரு லட்ச ரூபாய் வண்டி 15 ஆண்டு முடிவில் ஏடுகளில் 8,700 ரூபாய் சொச்சம்தான். கிராமத்துக் கணக்கு வேறு. அங்கே 15 ஆண்டு என்பது ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்கும் ஆண்டு, அவ்வளவே. வண்டி ஓடுகிற வரை அது புது வண்டிதான் :) அந்த வித்தியாசத்தை ஈடுகட்டியது எது என்று பார்த்தால், வாசல்படியில் நடந்த ரிப்பேர் வேலை. எந்த லெட்ஜரிலும் ஏறாத கூலி அது.

என்னென்ன செய்தார்கள்? காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பிளக்கைக் கழற்றுவார்கள். கரி பிடித்திருந்தால் உப்புத்தாளில் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, எஞ்சின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். பொறி வந்தால் கோளாறு கார்புரேட்டரில், வராவிட்டால் பாயின்ட்டிலோ காயிலிலோ. இந்த ஒரு சோதனையிலேயே கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரிந்துவிடும். மருத்துவர் நாடி பிடிப்பது மாதிரி.

பாயின்ட் என்பது இரண்டு சின்ன உலோக முனைகள். அவை சேர்ந்து பிரியும் நொடியில்தான் பிளக்கில் பொறி. எப்போது பிரிகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு ஒரு தந்திரம்: நடுவில் ஒரு சிகரெட் தாளை வைத்துக்கொண்டு எஞ்சினை மெல்லச் சுற்ற வேண்டும். தாள் இழுபட்டு வரும் நொடிதான் பாயின்ட் பிரியும் நொடி. கருவி எதுவும் வேண்டாம், ஒரு தாள் போதும். புல்லட்டுக்கு இன்னொரு சடங்கும் உண்டு. ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதித்து, டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, பிறகு ஒரே உதை. சடங்கைத் தப்பாகச் செய்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்கால் வீங்கியவர்களைக் கேட்டால் தெரியும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு வேறு பாடு. பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். பெட்ரோலோடு சேர்ந்து எரிவதால் அந்த ஆயில் சைலென்சரில் கரியாக அப்பிக்கொள்ளும். வண்டி இழுக்காது. சைலென்சரின் உள்குழாயைக் கழற்றி நெருப்பில் காட்டிச் சுரண்டுவார்கள். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுவார்கள். மண்பாதையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரில் புழுதி ஏறிவிடும், அதைத் தட்டிக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஆற்று மணலில் ஓட்டியிருந்தால் பிரேக் டிரம்முக்குள் மணல். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. அப்பா ஸ்பேனர் பிடிக்க, பையன் போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையில் பழைய தினத்தந்தி மேல் அடுக்க வேண்டும். வரிசை மாறினால் முதுகில் ஒன்று விழும். ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு.

1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இந்தியாவின் முதல் இரண்டு பேர் போகும் மொபெட். அதற்கு முன் லூனா போன்றவை இருந்தன; ஆனால் பின்னால் ஆள் உட்கார்ந்து போகலாம் என்று கம்பெனியே சொன்னது இதற்குத்தான். கிராமம் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. இரண்டு பேர் போகலாம் என்றால் நான்கு பேர் போகலாம்! முன்னால் கால் வைக்கும் இடம் காலியாக இருந்ததால் அங்கே ஒரு நெல் மூட்டை, அல்லது இரண்டு குடம் தண்ணீர், அல்லது நின்றபடி ஒரு பிள்ளை. (மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு ஓட்டுபவரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்ற அனுமதிக்கிறது. பிள்ளையைத் தலைக்கவசமும் இல்லாமல் முன்னால் நிறுத்திப் போனது இன்று நினைத்தாலும் பதைக்கிற காரியம்தான்.)

எடை குறைவு என்பதால் வரப்பில் தள்ளிப் போகலாம், சேற்றில் சிக்கினால் தூக்கி வைக்கலாம். பெட்ரோல் தீர்ந்தால் சைக்கிள் மாதிரி பெடல் மிதிக்கலாம். அமெரிக்காவில் டர்ட் பைக் என்று தனியாக ஒன்று செய்து விற்றார்கள். இங்கே அதன் வேலையை ஒரு மொபெட் சத்தமில்லாமல் (சத்தத்தோடுதான்!) செய்தது.

இந்த இடத்தில் ஒரு புத்தகத்தைச் சொல்லியாக வேண்டும். 1974ல் ராபர்ட் பிர்சிக் என்ற அமெரிக்கர் மோட்டார் சைக்கிள் பராமரிப்பைத் தலைப்பிலேயே வைத்து ஒரு நூல் எழுதினார். தகப்பனும் மகனும் வண்டியில் நெடும்பயணம் போகும் கதை. கூட வரும் நண்பரின் விலையுயர்ந்த வண்டியில் கைப்பிடி ஆடுகிறது. பீர் டப்பாவின் தகட்டை வெட்டி இடைவெளியில் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் கதை சொல்பவர். நண்பருக்குக் கோபம், தன் வண்டியில் டப்பாத் தகடா என்று! நம் ஊர் மெக்கானிக் யாரும் இதைப் படித்திருக்க வேண்டியதில்லை. டால்டா டப்பாவும் சைக்கிள் டியூப் துண்டும் அவர்களுக்கு அன்றாட ஸ்பேர் பார்ட்ஸ். அந்த நண்பரின் கோபம் மட்டும் இங்கே இருபது வருடம் தாமதமாக வந்து சேர்ந்தது.

1985ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தது. ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் கலக்க வேண்டாம், மைலேஜ் அதிகம், பெட்ரோல் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பதுதான் விளம்பரமே. அதே ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ்.100ம் வந்தது. அது டூ ஸ்ட்ரோக், இளைஞர்களின் கனவு. ஆனால் ஜெயித்தது மறக்கச் சொன்ன வண்டி. 1996ல் ஆர்.எக்ஸ்.100 நின்றுபோனது. புகைக் கட்டுப்பாடு 1991ல் தொடங்கி 1996, 2000, 2005 என்று இறுகிக்கொண்டே போக, டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. மொபெட் மட்டும் தாக்குப்பிடித்தது. அதுவும் 2015ல் எக்ஸ்.எல்.100 என்று ஃபோர் ஸ்ட்ரோக் ஆனது.

பெரிய மாற்றம் 2020 ஏப்ரல் 1ல். அன்றிலிருந்து விற்கும் புது வண்டி எல்லாம் பி.எஸ்.6. எக்ஸ்.எல்.100 உட்பட பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. சென்சார்கள் சொல்வதைக் கேட்டு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. கோளாறு என்றால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். அது என்ன கோளாறு என்று அறிய ஸ்கேனர் வேண்டும். உப்புத்தாளுக்கும் சிகரெட் தாளுக்கும் அங்கே வேலை இல்லை.

பழையது எல்லாம் பொன் என்று அழுவது நியாயமில்லை. டூ ஸ்ட்ரோக் புகைக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்கு அது தெரியும். இன்னொன்றும் உண்டு. வாசல்படி வித்தை பெரும்பாலும் அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போனது, மகளுக்கு இல்லை. கிக்கர் உதைக்கத் தெரிந்தவனுக்கே வண்டி என்று இருந்தவரை பெண்கள் பின் ஸீட்டில்தான். செல்ஃப் ஸ்டார்ட்டோடு எண்பதுகளில் கைனடிக் ஹோண்டாவும் தொண்ணூறுகளில் ஸ்கூட்டியும் வந்த பிறகுதான் அது மாறியது. 2018ல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தது. திறந்து பார்க்கத் தேவையில்லாத வண்டி வந்ததால்தான் வண்டியே அவர்கள் கைக்கு வந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் புகையைக் குறை என்றுதான் சட்டம் சொன்னது. ரிப்பேர் விவரத்தைப் பூட்டி வை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது வியாபாரக் கணக்கு. வண்டியை ஒருமுறைதான் விற்க முடியும், சர்வீஸை வருடா வருடம் விற்கலாம். கார் விஷயத்தில் இது வழக்காகவே போனது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் முடக்கியதாக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று, விவசாயக் கருவியும் ஒன்று. பழையசீவரம் மாதிரி ஊருக்கு இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் அங்கே மொபெட்டே விவசாயக் கருவி.

இதற்கு நடுவில் காஞ்சிபுரம் மாவட்டமே மோட்டார் சைக்கிள் செய்யும் மாவட்டம் ஆகிவிட்டது. 2013ல் ஒரகடத்திலும் 2017ல் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள், 2015ல் வல்லம் வடகாலிலேயே யமஹா ஆலை. வாலாஜாபாத் வழியாக ஒரகடம் ஒன்றும் தூரமில்லை. மண்பாதைக்கென்றே வடிவமைத்த ஹிமாலயன் 2016ல் வந்தது. ஓசூர்க்காரர்களின் டி.வி.எஸ். ஷெர்கோ அணியில் ஓட்டிய கேரளத்து ஹரித் நோவா, 2024 டக்கார் ராலியில் தன் பிரிவில் முதலாவதாக வந்தார். மண்ணில் ஓட்டுவது இன்று இந்தியாவில் விளையாட்டு, லட்சக்கணக்கில் விலை வைத்து விற்கும் சரக்கு.

கிராமத்து மெக்கானிக் கடைகள் மூடிவிடவில்லை. சில வண்டிகளில் அந்த மஞ்சள் விளக்கு நீளமாகவும் குட்டையாகவும் கண் சிமிட்டும். எத்தனை நீளம், எத்தனை குட்டை என்று எண்ணினால் எந்த சென்சார் என்று கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பட்டியலை ஒருவருக்கொருவர் வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். முன்பு போல்ட்டுகளை வரிசையாக அடுக்கிய பையன் இப்போது விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிச் சொல்கிறான்.