பிரிட்டன் நாடாளுமன்ற ஆவணக் காப்பகம்

பிரிட்டன் நாடாளுமன்ற ஆவணக் காப்பகம் என்பது அந்நாட்டின் பிரபுக்கள் அவையிலும் மக்களவையிலும் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்துவந்த ஆவணங்களைப் பேணிப் பொதுமக்களின் பார்வைக்குத் தரும் அமைப்பு. சட்டச் சுருள்கள், அவை நடவடிக்கைக் குறிப்பேடுகள், மசோதாக்கள், மனுக்கள், குழுக்களின் முன் பதிவான சாட்சியங்கள், கால்வாய், ரயில் பாதை வரைபடங்கள், ஒலி, ஒளிப் பதிவுகள் என முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இதில் அடங்கும். 1946இல் பிரபுக்கள் அவை ஆவண அலுவலகம் என்று தொடங்கிய இது, 2006 முதல் இப்போதைய பெயரில் இயங்குகிறது. சட்டச் சுருள்கள் 1864 முதல் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் விக்டோரியா கோபுரத்தில் இருந்தன. 2025இல் காப்பகத்தின் தொகுப்பு லண்டனின் மேற்கே கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இடம்பெயர்ந்தது.

தோற்றம்

இடைக்கால இங்கிலாந்தில் நாடாளுமன்றத்துக்கென்று தனி ஆவண அறை கிடையாது. கூட்டம் முடிந்ததும் அதன் பதிவுகள் அரசரின் தலைமை எழுத்தகமான சான்சரிக்குப் போய்விடும். நாடாளுமன்றச் செயலரும் சான்சரியைச் சேர்ந்தவராகவே இருப்பார். 1497இல் அப்பதவிக்கு வந்த ரிச்சர்ட் ஹாட்டன் இந்த வழக்கத்தை மாற்றினார். நிறைவேறிய சட்டங்களின் மூலச் சுருள்களை சான்சரிக்கு அனுப்பாமல் வெஸ்ட்மின்ஸ்டரிலேயே நிறுத்திக்கொண்டார். நாடாளுமன்றத்தின் ஆவணத் தொகுப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் மிகப் பழைய சட்டம் அதே ஆண்டைச் சேர்ந்தது. நார்ஃபோக் மாவட்டக் கம்பளி நெசவாளர்கள் தொழில் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றிய சட்டம் அது.

சுருள்களைத் தொடர்ந்து குறிப்பேடுகளும் வந்தன. பிரபுக்கள் அவையின் நடவடிக்கைக் குறிப்பேடு 1510இலிருந்து கிடைக்கிறது. மக்களவைக் குறிப்பேட்டை 1547இல் ஜான் சீமோர் என்ற அவை எழுத்தர் தொடங்கினார். பேச்சுகளின் முழுப்பதிவை இவற்றில் தேடக் கூடாது. எந்த மசோதா எத்தனையாவது முறை வாசிக்கப்பட்டது, அவை என்ன தீர்மானித்தது என்பவையே இவற்றின் உள்ளடக்கம்.

எழுதிவைத்தால் அது சான்றாகிவிடும் என்பதை அரசர்களும் அறிந்திருந்தார்கள். 1621 டிசம்பரில், எதைப் பற்றியும் விவாதிக்கத் தங்களுக்கு உரிமை உண்டு என்று மக்களவை உறுப்பினர்கள் ஓர் உரிமைப் பிரகடனத்தைக் குறிப்பேட்டில் ஏற்றினார்கள். முதலாம் ஜேம்ஸ் மன்னர் குறிப்பேட்டைத் தம்மிடம் கொண்டுவரச் செய்து, அந்தப் பக்கத்தைத் தம் கையாலேயே கிழித்தெறிந்தார்.

சுருளின் அமைப்பு

மசோதா முதலில் தாளில் எழுதப்படும். குழு ஆய்வைக் கடந்ததும் எழுத்தர்கள் அதைப் பதனிட்ட தோலில் பெரிய எழுத்தில் படியெடுப்பார்கள். ஒரு தோல் போதாவிட்டால் அடுத்ததை அதன் கீழ்விளிம்போடு சேர்த்துத் தைப்பார்கள். அதன் பிறகு வரும் திருத்தங்களும் அந்தத் தோலிலேயே ஏறும். நீக்கவேண்டிய சொல்லைக் கத்தியால் சுரண்டுவார்கள், புதிய சொல்லை வரிகளுக்கிடையே நுழைப்பார்கள், புதிய பிரிவு நீளமாக இருந்தால் தனித் தோல்துண்டில் எழுதி இணைப்பார்கள். இறுதியில் சுருளின் தலைப்பில், அரசர் இசைந்தார் என்னும் பொருளுடைய வாசகம் பழைய நார்மன் பிரெஞ்சு மொழியில் பொறிக்கப்படும். ஆகவே சுருள் வெறும் நகலன்று. அவையில் கைமாறி, திருத்தப்பட்டு, ஒப்புதல் பெற்ற அதே தோல்தான் சட்டம். சுரண்டிய தடத்தையும் தையலையும் பார்த்தே விவாதம் எங்கே திசைமாறியது என்று ஆய்வாளர் சொல்லிவிட முடியும்.

சில சுருள்கள் கைக்குள் அடங்கும். நிலவரி ஆணையர்களை நியமித்த 1821ஆம் ஆண்டுச் சட்டமோ சுமார் 348 மீட்டர் நீளம். ஆணையர்களின் பெயர்கள் நாடு முழுவதற்கும் வரிசையாக அதில் இடம்பெற்றதே காரணம். 1849இல் இந்த முறை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு சட்டங்கள் கன்றுத்தோலில் அச்சாகி, ஏடுகளாகத் தைக்கப்பட்டன.

நகைக் கோபுரமும் சிதறல்களும்

மூன்றாம் எட்வர்ட் மன்னர் தம் பொன்னையும் மணியையும் வைக்க 1365-66இல் கட்டிய நகைக் கோபுரம், 17ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் அவையின் ஆவணக் கிடங்காக மாறியது. அரண்மனையிலிருந்து சற்று விலகி, தனியே நின்ற கற்கட்டடம் அது. சட்டத்தின் நகல் வேண்டுவோர் எழுத்தரிடம் கட்டணம் செலுத்திப் பெறுவர். ஆவணங்கள் பொதுமக்களுக்கானவை என்ற எண்ணம் அப்போது இல்லை. அவை எழுத்தரின் பொறுப்பு, ஓரளவு அவரது வருவாய்.

இதனால் எழுத்தரின் சொந்தத் தாளுக்கும் அவையின் தாளுக்கும் இடையே எல்லை மங்கலாகவே இருந்தது. 1638 முதல் நாடாளுமன்றச் செயலராக இருந்த ஜான் பிரவுன் 1691இல் இறந்தபோது, உள்நாட்டுப் போர்க்கால ஆவணங்கள் பல அவர் குடும்பத்தாரிடமே தங்கிவிட்டன. பிரே கையெழுத்துப்படிகள் என்று அவை பிற்காலத்தில் அறியப்பட்டன.

முதலாம் சார்லஸ் மன்னருக்கு 1649இல் மரண தண்டனை நிறைவேற்ற உத்தரவிட்ட தோலாவணத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 59 பேர் கையொப்பமும் அரக்கு முத்திரையும் இட்ட அந்த ஆணை, தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்த கர்னல் பிரான்சிஸ் ஹாக்கரிடம் தங்கிவிட்டது. 1660இல் முடியாட்சி திரும்பியபோது பிரபுக்கள் அவை அதைக் கேட்டு வாங்கியது. ஆவணக் கிடங்குக்கு அது வந்து சேர்ந்தது வரலாற்றைப் பேணும் நோக்கத்தால் அன்று. கையொப்பமிட்டவர்களைத் தண்டிக்கச் சான்றாகவே வந்தது. ஹாக்கரும் அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார்.

1834ஆம் ஆண்டுத் தீ

பிரிட்டன் கருவூலம் நூற்றாண்டுக் கணக்கில் வரவுசெலவை மரக்குச்சிகளில் பதிந்துவந்தது. தொகைக்கேற்ப வெட்டுக்குறி இட்டு, குச்சியை நெடுக்காகப் பிளந்து, தந்தவரும் பெற்றவரும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். 1826இல் அம்முறை ஒழிந்தபின் குச்சிகள் வெஸ்ட்மின்ஸ்டரில் குவிந்துகிடந்தன. 1834 அக்டோபர் 16 அன்று இரண்டு வண்டிக் குச்சிகளைப் பிரபுக்கள் அவைக்கு அடியிலிருந்த உலைகளில் போட்டு எரிக்கும் வேலை காலையில் தொடங்கியது. பிற்பகலில் அவையைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள், புகையில் சுவரின் சித்திரத் திரைகள் தெரியவில்லை என்றும் தரையின் சூடு காலணியைத் தாண்டி உறைக்கிறது என்றும் கூறினார்கள். மாலை 6 மணியளவில் தீ வெளியே பாய்ந்தது. இரவுக்குள் அரண்மனையின் பெரும்பகுதி சாம்பலானது.

வேண்டாத பதிவை ஒழிக்க மூட்டிய தீ, வேண்டிய பதிவையும் கொண்டுபோயிற்று. மக்களவையின் அச்சேறாத ஆவணங்கள் ஏறக்குறைய முழுவதும் எரிந்தன. மூலக் குறிப்பேடுகள் மட்டும் பிழைத்தன. பிரபுக்கள் அவை அலுவலகத்தில் ஹென்றி ஸ்டோன் ஸ்மித் என்ற எழுத்தர் ஆவணக் கட்டுகளை சன்னல் வழியே வெளியே எறிந்து மீட்டார். நகைக் கோபுரத்தை நெருப்பு அண்டவில்லை. 1497 முதலான சட்டங்கள் இன்றும் இருப்பதற்கு அந்தக் கட்டடம் ஒதுக்குப்புறமாக இருந்ததே முதற்காரணம். இரு அவைகளின் பழைய தொகுப்புகளுக்கிடையே இன்று காணப்படும் பெரும் ஏற்றத்தாழ்வும் அந்த ஓர் இரவின் விளைவே.

விக்டோரியா கோபுரம்

புதிய அரண்மனையை வடிவமைத்த சார்லஸ் பாரி, அதன் தென்மேற்கு மூலையில் தீப்பிடிக்காத ஆவணக் கோபுரம் ஒன்றைத் திட்டமிட்டார். 1860இல் நிறைவுற்ற இதன் உயரம் 98.5 மீட்டர். கீழே அரசர் நுழையும் வாயில். மேலே இரும்பு உத்தரமும் செங்கல் வளைவும் தாங்கும் 12 தளங்கள். நகைக் கோபுரத்திலிருந்த சட்டச் சுருள்கள் 1864இல் இங்கு மாறின. சட்ட அறையில் தளத்திலிருந்து கூரைவரை அடுக்கிய சுருள்கள், பாய்க்கடையில் சுருட்டி அடுக்கிய கோரைப்பாய்களைப் போல முனைமட்டும் காட்டிக் கிடந்தன. சுமார் 64,000 சட்டங்கள் அங்கு இருந்தன.

தீக்கு அஞ்சிக் கட்டிய கோபுரத்தால் ஈரத்தையும் தூசையும் தடுக்க முடியவில்லை. தோல் ஈரத்தில் நெளியும், உலர்ந்தால் விறைக்கும். 1948 முதல் 1963 வரை நடந்த சீரமைப்பில் எஃகு அலமாரிகளும் குளிர்சாதன வசதியும் வந்தன. அலமாரிகளின் மொத்த நீளம் சுமார் 9 கிலோமீட்டர்.

அச்சும் அனுமதியும்

மூல ஆவணத்தைக் காண்பது அரிதாக இருந்த காலத்தில் அச்சே மக்களுக்கான வாயில். மக்களவை தன் அன்றாடத் தீர்மானங்களை 1680 முதல் அச்சிட்டது. 1742இல் குறிப்பேடுகளையும் அச்சிட உத்தரவிட்டது. பேச்சுகளை வெளியிடுவதற்கு மட்டும் தடை இருந்தது. 1738இல் அந்தத் தடை உறுதியாக்கப்பட்டதும், ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழ் லில்லிபுட் என்ற கற்பனை நாட்டு மன்றத்தின் விவாதங்கள் என்ற போர்வையில் அவற்றை வெளியிட்டது. அப்படி எழுதியவர்களுள் சாமுவேல் ஜான்சனும் ஒருவர். 1771இல் அச்சகத்தாரோடு நேர்ந்த மோதலுக்குப் பின் தடை நடைமுறையில் தளர்ந்தது. 1803இல் வில்லியம் காபெட் தொடங்கிய விவாதத் தொகுப்பு, பின்னர் அச்சகத்தார் ஹன்சார்டின் பெயராலேயே நிலைத்தது. 1909இல் நாடாளுமன்றமே அதை ஏற்று நடத்தத் தொடங்கியது.

அவை அச்சிடுவதை மக்கள் விலைக்கு வாங்கலாம் என்று 1835இல் முடிவானதும் புதுச் சிக்கல் எழுந்தது. நியூகேட் சிறையில் கிடைத்த ஒரு நூலைச் சிறை ஆய்வாளர்களின் அறிக்கை ஆபாசமென்று குறிப்பிட, நூலை வெளியிட்ட ஸ்டாக்டேல் அவதூறு வழக்குத் தொடுத்தார். அவையின் உத்தரவு அச்சகத்தாரைக் காக்காது என்று 1839இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1840ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தாள்கள் சட்டம் அந்தப் பாதுகாப்பை அளித்தது.

1946இல் அமைந்த ஆவண அலுவலகத்தின் படிப்பறை வழியே மூல ஆவணங்களும் ஆய்வாளர் கைக்கு வந்தன. 1641-42இல் ஊர்தோறும் வயதுவந்த ஆண்கள் உறுதிமொழி ஏற்று ஒப்பமிட்ட பட்டியல்கள் குடும்ப வரலாறு தேடுவோர்க்கும், ரயில் பாதை வரைபடங்கள் உள்ளூர் வரலாறு எழுதுவோர்க்கும் பெரிதும் பயன்படுகின்றன. அரசுத் துறைகளின் ஆவணங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 2005இல் நடைமுறைக்கு வந்த தகவல் சுதந்திரச் சட்டம் இரு அவைகளுக்கும் பொருந்தும். 1803 முதலான விவாதங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. 1978இல் தொடங்கிய வானொலி ஒலிபரப்பும், பிரபுக்கள் அவையில் 1985இலும் மக்களவையில் 1989இலும் நுழைந்த தொலைக்காட்சிப் படக்கருவியும் புதுவகைப் பதிவுகளைச் சேர்த்தன.

இந்திய, இலங்கைத் தொடர்பு

கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுப்படுத்திய 1773ஆம் ஆண்டுச் சட்டம், வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788 முதல் 1795 வரை நடந்த விசாரணையின் ஆவணங்கள், 1947ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டம், இலங்கை விடுதலைச் சட்டம் ஆகியவை இத்தொகுப்பில் உள்ளன. கம்பெனி நிர்வாகம் குறித்து மக்களவைக் குழு 1812இல் அளித்த ஐந்தாம் அறிக்கை, சென்னை மாகாண நிலவரி முறைகளை ஆராய்வோர் இன்றும் புரட்டும் ஆதாரம். மக்களவையின் அச்சேறாத தாள்கள் 1834இல் எரிந்தும் இந்த அறிக்கை நிலைத்ததற்கு அது அச்சேறிப் பரவியிருந்ததே காரணம்.

கன்றுத்தோல் விவாதம்

கன்றுத்தோல் செலவு மிகுந்தது என்று கூறிய பிரபுக்கள் அவை, காப்பகத் தரமுள்ள தாளுக்கு மாறினால் ஆண்டுக்கு 80,000 பவுண்டு மிஞ்சும் என்று கணக்கிட்டது. தோல் ஐந்நூறு ஆண்டு நின்றதற்குக் கண்ணெதிரே சாட்சி உண்டு, தாளுக்கு உண்டா என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2016 ஏப்ரல் 20 அன்று மக்களவை 117க்கு 38 என்ற வாக்கில் தோலின் பக்கம் நின்றது. 2017இல் சமரசம் ஏற்பட்டது. சட்டம் தாளில் அச்சாகும், முன்பின் அட்டைகள் கன்றுத்தோலில் இருக்கும்.

கியூவுக்கு இடமாற்றம்

பாதுகாப்பாகக் கட்டிய விக்டோரியா கோபுரம் 21ஆம் நூற்றாண்டின் காப்பகத் தரத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பழுதடைந்த அரண்மனையைச் சீரமைக்கும் பணியும் நெருங்கியது. எனவே ஆவணங்களை வெளியே கொண்டுசெல்ல முடிவாகி, 2025இல் அவை கியூவை அடைந்தன. உரிமை நாடாளுமன்றத்திடமே இருக்கிறது. படிக்க விரும்புவோர் தேசிய ஆவணக் காப்பகத்தின் படிப்பறைக்குச் செல்கின்றனர்.

சான்சரியின் பழைய நாடாளுமன்றச் சுருள்களும் கியூவில்தான் உள்ளன. 1497இல் ஹாட்டன் தம்மிடம் நிறுத்திக்கொண்ட சுருள்கள், எந்தத் தொகுப்போடு போய்ச் சேர வேண்டாம் என்று அவர் கருதினாரோ அதனோடு 528 ஆண்டுகளுக்குப் பின் ஒரே கூரையின்கீழ் வந்துள்ளன. அன்று ஒன்றைப் பார்க்க அரசரின் எழுத்தரையும் மற்றதைப் பார்க்க அவையின் எழுத்தரையும் அணுக வேண்டும். இன்று இரண்டுக்கும் படிப்பறையின் வாசகர் அட்டை ஒன்றே போதும்.